கொடிமலையில் செருப்பு கழன்ற இடம்

எங்கள் வீட்டுக்கு நோய் வந்த நாளில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

பாஸ்கா ஞாயிற்றுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, மறுநாள் ஆபீஸ் லீவு. கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த நாளில் நானும் என் வீட்டுக்காரரும் கொடிமலைக்கு நடந்து ஏறுவோம். மலை ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் எங்களுக்கு நடைதான். ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் போய்த் தண்ணீர்மலை அடிவாரத்தில் இறங்குவோம். வெயில் ஏறுமுன் உச்சியில் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடலாம். கீழே பட்டணமும் கப்பல்களும் தெரியும். தன் ஆபீஸ் கூரை எது என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார். வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடிப்பதும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

அந்த வருஷம் பாதி வழியில், பாறையில் தண்ணீர் கசியும் ஒரு திருப்பத்தில், அவருடைய இடது கால் செருப்பு தனியாகக் கிடந்தது. அவர் இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடக்கிறார், அவருக்குத் தெரியவில்லை.

"என்னங்க, பெரிய கிராணி ஆனதும் உங்க செருப்பையும் நாந்தான் தூக்கிட்டு வரணுமா?" என்று கத்தினேன். கிராணி என்றால் இந்தத் தீவில் குமாஸ்தா. ஆறு மாதம் முன்புதான் அவருக்குப் பதவி உயர்ந்திருந்தது.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். "அட, எப்ப கழண்டுச்சு?" என்றவர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சு படபடங்குது, லூர்து. இன்னிக்கு இது போதும்லா. இறங்கிடலாமா?"

"நாற்காலியில ஒக்காந்து ஒக்காந்து தேஞ்சு போயிட்டீங்க. எந்திரிங்க!"

எழுந்தார். அன்று உச்சி வரை என் கையை விடவே இல்லை. ஆசையில் பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மேலே போய் இலையில் சோற்றைக் கொட்டினேன், மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைச் சோறு. அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. ஆபீஸ் கூரையையும் தேடவில்லை.

பிறகு கெண்டைக்கால் வலித்தது. சாயங்காலமானால் பாதம் வீங்கியது. பக்கத்துத் தெருவில் ஒரு டிரெஸர் (மருந்தகத்தில் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவர்) இருந்தார். பார்த்துவிட்டு, "வாயு பிடிச்சிருக்கு அக்கா. பயறு, பருப்பு, மொச்சை எல்லாம் நிறுத்துங்க. தைலம் தேச்சு விடுங்க" என்றார்.

பத்தியம் என்றால் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மூன்று வேளையும் வெள்ளை அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பு. ஒரு நாள் அவர் கெஞ்சினார்.

"ஒரு கைப்பிடி பச்சைப்பயறு அவிச்சுத் தாயேன், லூர்து. வாய் கேக்குது."

"வாய் கேக்கும். அப்புறம் கால் வலிக்குதுன்னு யாரு அழுவுறது?"

அவர் கஞ்சியை எடுத்துக் குடித்தார். சரியாகப் பேசிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. பாவி நான்.

இரண்டு வாரத்தில் முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் அவரைத் தூக்குக் கட்டிலில் கிடத்திவிட்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் கெண்டைக்காலை அமுக்கினார். அவர் அலறினார். பாதத்தில் ஊசியால் குத்தினார். அவர் சும்மா கிடந்தார்.

"வீட்டுல என்ன அரிசிம்மா ஆக்குறீங்க?"

"முதல் தரம் டாக்டர். நல்லாத் தீட்டின சயாம் பச்சரிசி. புழுங்கல் எல்லாம் எங்க வீட்டுப் படி ஏறாது."

பதவி உயர்ந்த வாரமே நான் செய்த முதல் வேலை புழுங்கலை நிறுத்தியது. விருந்தாளிகள் வருவார்கள், புழுங்கல் சோற்று வாசனை ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லய வீடுகளை நினைவூட்டும் என்று வெட்கப்பட்டேன். பாஸ்காவுக்கு முந்தின தபசு காலத்தில் அவர் கறியும் மீனும் விட்டிருந்தார். நாற்பது நாளும் வெள்ளைச் சோறும் ரசமும்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பெரிபெரி." (தவிட்டிலுள்ள சத்து உடம்பில் சேராமல் நரம்பு மரத்து, கால் வீங்கி, இதயம் தளரும் நோய்.) "தோட்டத்து ஆளுங்ககிட்ட இதை நான் பார்க்கிறதே அபூர்வம். அவங்க சாப்பிடுறது நீங்க ஒதுக்கின புழுங்கல், அதுல தவிட்டுச் சத்து தங்கியிருக்கும். பயறாவது குடுத்தீங்களா?"

"வாயுன்னு நிறுத்திட்டேன் டாக்டர்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இன்னையிலிருந்து குடுங்க. கொஞ்சம் பிந்தியிருந்தா இதயம் நின்னிருக்கும்" என்றார்.

அங்கேயே புழுங்கல் சோறும், அவித்த பச்சைப்பயறும், தவிடு கரைத்த நீரும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மூச்சு சீரானது. உயிர் தப்பியது, கடவுளுக்குத் தோத்திரம். ஆனால் செத்த நரம்பு மெதுவாகத்தான் எழும், சிலது எழாமலும் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். கால்மாட்டில் உட்கார்ந்து, "தெரியுதா?" என்று ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்பேன். அவர் தலையசைப்பார். எனக்காகச் சில தடவை பொய்யாகவும் அசைத்தார். ஒரு நாளாவது என்னைக் குற்றம் சொல்லியிருந்தால், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது ஆறியிருப்பேன்.

அடுத்த பாஸ்கா திங்கள் வந்தது. போக வேண்டாம் என்றேன். அவர் கைத்தடியை எடுத்துவிட்டார். ரிக்‌ஷாவிலிருந்து அடிவாரத்து ஓடைக்கரைப் பாறைக்கு, முன்பு நாங்கள் பேசிக்கொண்டே தாண்டிப்போகும் அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு, அரை மணி நேரம் ஆனது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் நேரம் அப்படித்தான் போகிறது. மலையேறுகிறவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவரும் செருப்பைத் தவறவிடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு கால்களையும் ஓடையில் விட்டார்.

"லூர்து, தண்ணி சில்லுன்னு இருக்கா?"

நானும் காலை விட்டேன். எலும்பு வரை குளிர்ந்தது.

"இருக்குங்க. ரொம்ப சில்லுன்னு இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.