நீல மருதாணி

கவலைப்படுவதில் நான் பிறவியிலேயே கெட்டிக்காரி. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே பஸ் போயிருக்குமோ என்று ஓட ஆரம்பித்துவிடுவேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என்னுடைய பெரிய கவலை, அத்தைக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பது. அது சின்னப் பெண்ணின் கவலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் எந்நேரமும் அதே பேச்சாக இருந்ததால், எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தார். பம்மலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. அலுமினியத் தகட்டில் மயில், தாமரை, பாய்மரக் கப்பல் என்று அப்பா வெட்டுவார். பின்பக்கத்திலிருந்து தட்டிப் புடைக்க வைத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டு அத்தையிடம் கொடுப்பார். கலர் அடிப்பது அத்தை. அப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குச் சுவர்க்கடிகாரம் வாங்கிப் போகாதவர்கள், சட்டம் போட்ட இந்தத் தகட்டுப் படங்களைத்தான் வாங்கிப் போவார்கள். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் எத்தனையோ வீட்டு ஹாலில் எங்கள் மயில் தொங்கியது.

அத்தை அடித்தது பெயிண்ட் இல்லை, சாயம். பம்மலில் தோல் பதனிடும் கம்பெனிகளில் தோலுக்குப் போட்டு மிஞ்சிய சாயத்தை அப்பா வாங்கி வருவார். கிளியர் என்று சொல்லும் வார்னிஷ் மாதிரியான திரவத்தில் அத்தை அதைக் கலந்து, பேனா மாதிரி பிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்பிரே கன்னில் ஊற்றிப் புகை போல அடிப்பார். பெயிண்ட் அடித்தால் தகடு மறைந்துவிடும். சாயம் அடித்தால் உள்ளிருக்கும் பளபளப்பு கலர் வழியாகத் தெரியும். மயில் கழுத்துக்கு முதலில் மஞ்சள், காய்ந்ததும் பச்சை, ஓரத்தில் மட்டும் நீலம். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே வெறும் கிளியர். அதற்குப் பிறகு ஈரத்துணி போட்டுத் தேய்த்தாலும் கலர் அசையாது. அத்தை அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் நானும் பிடித்துக்கொள்வேன். எனக்குத்தான் முதலில் மூச்சு முட்டும்.

கன்னின் விசையை விரல் நுனியால் உணர வேண்டும் என்பதால் அத்தை கையுறை போட மாட்டார். அதனால் விரல்களில் எப்போதும் ஏதாவது கலர் ஊறியிருக்கும். பெயிண்டைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்தால் மேலே படிந்தது போய்விடும், தோலில் ஊறியது போகாது. பெண் பார்க்க வந்த முதல் இடம் இதனாலேயே தட்டிப்போயிற்று என்பது அம்மாவின் தீர்ப்பு. அந்தப் பிள்ளை வீட்டார் ஜாதகம் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்கள். அம்மா நம்பவில்லை.

அதனால் இரண்டாவது இடம் வந்தபோது அம்மா உஷாராகிவிட்டார். இந்த இடத்தைக் கொண்டு வந்ததே அம்மாவின் அண்ணன்தான். இரும்புலியூரில் சொந்த வீடு, பிள்ளைக்கு நிரந்தர வேலை, ஒரே மகன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் இந்தப் பட்டறை வேலையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, ராணி மாதிரி வீட்டில் இருக்கலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஹோம்வொர்க் வேண்டியதில்லை என்று என்னிடம் யாராவது சொன்னால் எப்படி இருக்கும்! அத்தை அந்தச் சேதியைக் கேட்டுவிட்டுப் போய், கன்னுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரைப் போட்டார். அது 'தடதட'வென்று ஓட ஆரம்பித்தால் வீட்டில் யார் பேசுவதும் காதில் விழாது.

அம்மாவின் ஏற்பாடு இதுதான். பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பட்டறையில் சிவப்பைத் தவிர வேறு கலரே எடுக்கக் கூடாது. சிவப்பு விரலில் ஊறினால் மருதாணி என்று சொல்லிவிடலாம். நன்றாகச் சிவந்த கையைப் பார்த்தால் புருஷன் ஆசையாக இருப்பான் என்று மாமியார்க்காரி சந்தோஷப்படவும் செய்வாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அந்த வாரம் எங்கள் பட்டறையில் தாமரை சிவப்பு, ரோஜா சிவப்பு, கப்பலின் பாய்கூடச் சிவப்பு. அப்பா முனகிக்கொண்டே தகடு வெட்டினார். நான் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அத்தையின் விரல்களைப் பிடித்துப் பார்த்து, நன்றாகச் சிவந்திருக்கிறது என்று அம்மாவிடம் ரிப்போர்ட் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை சீக்கிரம் எழுந்து பட்டறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கம்ப்ரசர் ஓடியது. வெளியே வந்தபோது இரண்டு கைகளும் மணிக்கட்டு வரைக்கும் நீலமாக இருந்தன.

அம்மாவின் கையிலிருந்த ரவை டப்பா கீழே விழுந்தது. மயில் ஒன்று பாக்கி இருந்ததாம், நீலச் சாயம் கையில் கொட்டிவிட்டதாம், கிளியரும் பறந்து மேலே பட்டுவிட்டதாம். அத்தை இதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மயில் கழுத்தில் இருக்குமே, அதே மாதிரி எங்கேயும் திட்டு இல்லாமல், ஒழுகல் இல்லாமல், ஒரே சீராகப் பளபளத்தது. விரல் மடங்கும் இடத்தில் மட்டும் லேசாக வெடித்திருந்தது. கொட்டினாலும் அத்தையிடம் எவ்வளவு அழகாகக் கொட்டுகிறது என்று அந்தக் கலக்கத்திலும் எனக்குத் தோன்றியது.

"இன்னாங்க நின்னுகினு கீறீங்க! தின்னர எடுத்துகினு வாங்க!" என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா அத்தையின் கைகளைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது.

"தின்னர் தீந்துபோச்சு" என்றார். "நாளைக்குத்தான் வாங்கணும்."

ராகுகாலத்துக்கு முன்னால், மூன்று மணிக்கெல்லாம் அவர்கள் வந்துவிடுவார்கள். அம்மா புளியைக் கரைத்துத் தேய்த்தார். எலுமிச்சம்பழம் தேய்த்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். தேங்காய் நாரில் சலவை சோப்பைப் போட்டு, பாத்திரம் விளக்குவதுபோல விளக்கினார். அத்தை கையை நீட்டிக்கொண்டு அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நீலம் இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

நான் ஒரு காலி டானிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை பூட்டியிருந்தது. அடுத்ததும் பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் லாரிக்கு பெயிண்ட் அடிக்கும் ஷெட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. தோல் கம்பெனி நாற்றம் காற்றில் வந்துகொண்டிருந்தது, எனக்குக் குமட்டியது. இந்த இடமும் தட்டிப்போனால் அத்தை கதி என்ன என்று அம்மா அடிக்கடி கேட்பார். கதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ பெரிய வியாதி என்று நினைத்திருந்தேன். முச்சந்தியில் பிள்ளையாரிடம் நின்று, அந்த வியாதி அத்தைக்கு வரக் கூடாது என்று அழுதுகொண்டே வேண்டிவிட்டு, காலி பாட்டிலோடு திரும்பினேன்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளை, அவருடைய அம்மா, கூட ஒரு பெரியவர். பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார், எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். அத்தை புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கேசரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தலைப்பு நழுவக் கூடாது, நழுவக் கூடாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தலைப்பு நழுவவில்லை. அத்தையே அதை எடுத்துவிட்டு, பிள்ளையின் அம்மாவுக்குக் காபி டம்ளரை நீட்டினார்.

"என்னம்மா இது, கையெல்லாம் நீலமா இருக்கு?"

அம்மா ஓடிவந்தார். "மருதாணிங்க. அவளுக்கு ஒடம்பு கொஞ்சம் சூடு."

"சூட்டு ஒடம்புக்குக் கறுப்பாப் பத்தும். நீலமாப் பத்தி நான் பாத்ததில்லையே."

அடுத்த நொடியில் அம்மா என்ன சொல்லிச் சமாளிப்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தை முந்திக்கொண்டார். குரலில் நடுக்கமே இல்லை.

"மருதாணி இல்லைங்க. மயிலுக்கு அடிக்கிற கலர். என் கை எப்பவும் இப்படித்தான் இருக்கும். இன்னிக்கி நீலம், நாளைக்கிப் பச்சை. கல்யாணம் ஆனாலும் நான் அடிச்சிகினுதான் இருப்பேன்."

பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவருடைய அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களே, அப்படியானால் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அத்தையைத் திட்டவில்லை. வயசுப் பெண்ணைப் பட்டறையில் உட்கார வைத்தது யார், அவள் புத்தியைக் கெடுத்தது யார் என்று அப்பாவைத்தான் கேட்டார். பெண் பார்க்க வருகிற நாளில்கூட மயில் வேண்டுமா என்று கேட்டார். தன் அண்ணன் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்று அழுதார். கடைசியில் தெரு முழுக்கக் கேட்கும்படி அதைச் சொன்னார்.

"அவ போயிட்டா கலர் அடிக்க ஆள் இல்லன்னு, கூடப் பொறந்தவ வாழ்க்கையையே கெடுத்துட்டீங்களே!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ரோஷமே இல்லாமல், வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டாரா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்போது அத்தை அழுதுகொண்டே முன்னால் வந்தார்.

"அண்ணி, அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. அது நான்தான்..."

"நீ வாய மூடிகினு உள்ள போ!" என்று அப்பா அதட்டினார்.

அத்தையை அவர் அதட்டி நான் பார்த்ததே இல்லை. பாவம், எவ்வளவு பெரிய ஏமாற்றத்தில் இருப்பார் அத்தை, அவரைப் போய் இப்படியா அதட்டுவது! அன்றைக்கு அப்பாவை எனக்குத் துளியும் பிடிக்காமல் போயிற்று.

வெயில் தாழ்ந்த பிறகு பட்டறையில் பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு டின்னிலிருந்து பஞ்சை நனைத்து அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. நீலம் வழித்துக்கொண்டு வந்தது. அடியில், அம்மா ஆசைப்பட்ட அதே மருதாணிச் சிவப்பு அப்படியே இருந்தது.

"தின்னர் ஏதுப்பா?" என்றேன்.

"இங்கதான் இருந்துச்சு பாப்பா. கண்ணுல படல."

டின் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையில் ஒரு நிமிஷம் ஒழுங்காகத் தேடியிருக்கக் கூடாதா, நான் தெருத் தெருவாக ஓடினேனே, எல்லாம் உங்களால்தான் என்று கத்தினேன். என்னைப் பார்த்து அவர்கள் வருத்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்து விம்மி விம்மி அழுதார். அப்பா அடுத்த விரலைத் துடைத்தார்.

இவ்வளவு கெடுத்த பிறகும் அந்த ஆள் மேல் சாய்ந்து அழ அத்தைக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். நானும் அம்மாவின் கட்சியில் சேர்ந்து நிறுத்தினேன். அப்பா அதையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஸ்கூலுக்குப் போகிற வழியில் முச்சந்திப் பிள்ளையார் முன்னால் நின்று, எனக்கு அண்ணன் என்று ஒருவரைக் கொடுக்காததற்காக அவருக்கு மனதார நன்றி சொன்னேன்.