கை போன பக்கம் குதிரை

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எண்ணூர்ப் பக்கத்து உப்பளம் ஒன்றில், பங்குனி மாத வெயிலில், ஒரு குதிரையோடு சேர்ந்து உப்புத் தண்ணீரில் போய் விழுந்தேன். அதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அதற்கு முன்னால் எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய தோணியில் சுக்கான் பிடிப்பவன் நான். பன்னிரண்டு வருஷம் பிடித்தேன். ஒரு நாள் கப்பலுக்கும் தோணிக்கும் நடுவே இழுத்துக் கட்டிய வடத்தில் என் இடது கை மாட்டிக்கொண்டது. ராயபுரம் ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்ன பேச்சைக் கேட்டன. பீடி பிடிக்கலாம், கயிறு பிடிக்க முடியாது. கயிறு பிடிக்க முடியாதவனுக்குத் தோணியில் என்ன வேலை? மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஏழு மாதம் சும்மா இருந்தேன். என் மனைவி காசிமேட்டில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்றாள். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. தினமும் விடியற்காலையில் அந்த ஈரக்கூடையை அவள் தலையில் தூக்கிவைப்பது என் வேலையாகிவிட்டது. அதையும் ஒன்றரைக் கையால்தான் செய்தேன். அவமானமாக இருந்தது. இன்னும் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம் அவளால் சுமக்க முடியும். அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும்.

எங்கள் தெருவில் முன்பு ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த பாய் ஒருவர் அந்த உப்பளத்தில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தார். எனக்கு ஒத்த வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேதி சொன்னார். மேனேஜருக்கு ஜீப் வந்துவிட்டது. ஆனால் உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்புகளில் ஜீப் ஏறாது, மணலில் சைக்கிள் உருளாது. அதனால் மேனேஜர் இத்தனை நாள் தான் ஓட்டிய குதிரையை ஓர் ஆளிடம் கொடுத்து, வரப்பு எங்கே உடைந்திருக்கிறது, மடை எங்கே ஒழுகுகிறது என்று சுற்றிப் பார்க்க வைக்கப்போகிறார்.

"குத்ரை மேல குந்திக்கினு சுத்தி வர்றதுதான் வேலை, தோஸ்து. கயிறும் இல்ல, மூட்டையும் இல்ல" என்றார் பாய்.

மறுநாளே போனேன். இடது கையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றேன். அவர் தெற்கத்திக்காரர். இளவயதில் ஏதோ ஒரு துரையிடம் குதிரைச் சவாரி கற்றவர், அதில் ரொம்பப் பெருமை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினைஞ்சு நாள் டயம் தர்றேன். பாய்கிட்டப் பழகிட்டு வந்து ஓட்டிக் காட்டு. ஆனா நான் ஓட்டற மாதிரி ஓட்டணும்."

அவர் ஓட்டுகிற மாதிரி என்றால் துரை சவாரி. முதுகு நேராக இருக்க வேண்டும். கால் வைக்கும் வளையத்தை ஏற்றிக் கட்டி, முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். குதிரை துள்ளி ஓடும்போது அதன் தாளத்துக்கு ஏற்ப எழுந்து எழுந்து உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிவாள வார் இரண்டையும் இரண்டு கையில் தனித்தனியாகப் பிடித்திருக்க வேண்டும். வலது வாரை இழுத்தால் வலப்பக்கம், இடது வாரை இழுத்தால் இடப்பக்கம்.

எனக்கு எங்கே இடது கை? முதல் நாள் அந்தக் குதிரை என்னை ஏற்றிக்கொண்டு செக்கு மாடு மாதிரி வலப்பக்கமாகவே சுற்றியது. நான் எவ்வளவு கெஞ்சினாலும் இடப்பக்கம் திரும்பவில்லை. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் நான் புத்திசாலித்தனமாக இடது வாரை மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். குதிரை மிரண்டது. நான் கீழே விழுந்தேன். வார் அவிழாமல் கொஞ்ச தூரம் இழுபட்டேன்.

வீட்டில் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள். "கை இப்டி கீதுன்னு அந்தாளாண்ட சொன்னியா?"

"சொன்னா வேலை குடுப்பாரா?"

அவள் பற்றைக் கொஞ்சம் அழுத்திப் பூசினாள்.

மறுநாள் சாயங்காலம் மீன் விற்கும் பெண்களோடு அவள் சினிமாவுக்குப் போனாள். ஏதோ இங்கிலீஷ் படம். வசனம் ஒன்றும் புரியாதாம், ஆனால் முழுக்கக் குதிரைதானாம். திரும்பி வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"யோவ், அந்த தொப்பிக்காரன் குத்ரைய எப்டி ஓட்றான் தெரியுமா? ரெண்டு வாரையும் ஒத்தக் கைல புட்ச்சிகினு போறான்யா! காலை நீட்டி, நாற்காலில குந்துன கணக்கா குந்திகினு கீறான். உங்க மேனேஜராட்டம் தோப்புக்கரணம் போடல."

"அவன் இன்னொரு கையால துப்பாக்கி பிடிக்கணும்டி. அதனால அப்படி ஓட்டறான்."

"அவனுக்கு ஒரு கைல துப்பாக்கி. உனுக்கு ஒரு கை மக்கர். குத்ரைக்கு இன்னா தெரியப் போவுது?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி படுத்தபிறகு அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் பாயிடம் சொன்னேன். "இது தொரை குத்ரை, தோஸ்து. சினிமா குத்ரை இல்ல. பேஜாரு பண்ணாதே" என்றார். இருந்தாலும் வளையத்தை இறக்கிக் கட்டிக் கொடுத்தார். காலை நீட்டி உட்கார்ந்தேன். இரண்டு வாரையும் வலது கையில் சேர்த்துப் பிடித்து, வாயை இழுக்காமல் தளர விட்டேன். கையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன். வார் குதிரையின் கழுத்தில் வலப்பக்கமாகப் பட்டது. அவ்வளவுதான். இத்தனை நாளாக இடப்பக்கமே தெரியாத அந்தக் குதிரை பூப்போல இடப்பக்கம் திரும்பியது!

கையை வலப்பக்கம் கொண்டுபோனேன், வலப்பக்கம் திரும்பியது. பாய் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு ஓடிவந்து குதிரையின் பின்தொடையைத் தேய்த்துப் பார்த்தார். அங்கே சூடு போட்ட எண் ஒன்று இருந்தது. அது உப்பளக் கம்பெனி போட்ட எண் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"அரே, இது பட்டாளத்து குத்ரைடா! சிப்பாய்க்கு ஒரு கைல கத்தி, ஒரு கைலதான் லகான். இதுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிகீது. நமக்குத்தான் தெரியல."

எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தோணியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் சுக்கான் தடியை வலப்பக்கம் தள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷம் என் கை பழகியது அந்தத் தலைகீழ்க் கணக்கு. குதிரையிலோ கை போன பக்கம்தான் குதிரையும் போகும். 'கை போன பக்கம், கை போன பக்கம்' என்று முணுமுணுத்துக்கொண்டே பழகினேன்.

தேர்வு நாள் நெருங்கியது. எப்படி ஓட்டிக் காட்டுவது? மனைவி கையைக் காட்டி உண்மையைச் சொல்லச் சொன்னாள். பாய் வேறு யோசனை சொன்னார். பார்வைக்கு இரண்டு கையிலும் வாரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் திருப்பு, தூரத்திலிருந்து அவருக்கு என்ன தெரியும் என்றார். நான் பாய் பேச்சைக் கேட்டேன். துணிச்சல் இல்லாதவனுக்கு எப்போதும் அந்த மாதிரி யோசனைதான் பிடிக்கும்.

அன்றைக்கு மேனேஜர் ஜீப்பில் வந்து பெரிய வரப்பின் முனையில் இறங்கி நின்றார். வளையத்தை மறுபடியும் ஏற்றிக் கட்டியிருந்தோம். நான் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையும் வாரில் இருப்பதுபோல உட்கார்ந்து போனேன். நடையில் சரியாக இருந்தது. மெல்லோட்டத்தில் தோப்புக்கரணமும் போட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"சரி, அந்தக் கோடிவரைக்கும் வேகமா விடு. இடது பக்கம் குறுக்கு வரப்புல திரும்பி வா."

விட்டேன். குதிரை பறந்தது. வியர்வையில் இடது வார் என் இரண்டு விரலிலிருந்து நழுவியது. குனிந்து எல்லாவற்றையும் வலது கையில் வாரிப் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் குறுக்கு வரப்பு முன்னால் வந்துவிட்டது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த நொடியில் நான் உப்பளத்தில் இல்லை, துறைமுகத்தில் இருந்தேன். கப்பல் மேலே மோதப்போகும் தோணியைத் திருப்புகிறவன் மாதிரி கையை வலப்பக்கம் ஓங்கித் தள்ளினேன்.

குதிரை என்ன செய்யும் பாவம்? சொன்னதைக் கேட்டது. வரப்பிலிருந்து வலப்பக்கமாக இறங்கி, மறுநாள் வாரி எடுப்பதற்காக உப்பு பூத்துக் கிடந்த பாத்திக்குள் பாய்ந்து, கால் புதைந்து உட்கார்ந்துவிட்டது. நான் அதன் தலைக்கு மேலே போய் விழுந்தேன். வாயெல்லாம் உப்பு.

எழுந்தபோது மேனேஜர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். பாய் குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்து, அடி ஒன்றும் இல்லை என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"இடது பக்கம்னு சொன்னேன். நீ ஏன்யா வலது பக்கம் போனே?"

வேலை போய்விட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? இடது கையை நீட்டிக் காட்டினேன்.

"சுக்கான் பழக்கம் சார். கை தப்புப் பக்கம் போயிடுச்சு. இந்தக் கையால வார் பிடிக்க முடியாது. ஒத்தக் கையாலதான் ஓட்டினேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவர் என் கையையே பார்த்தார். "ஒத்தக் கையால ஓட்டலாம்னு யார் சொன்னது?"

"என் சம்சாரம் சார். சினிமாவுல பார்த்தா."

அவர் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "ஏறு. உன் இஷ்டப்படி ஓட்டு. அதே திருப்பம்" என்றார்.

சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு வளையத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். இடது கையைத் தொடைமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். அந்தப் பதினைந்து நாளில் முதல்முறையாகத் தோள் இறுக்கம் இல்லாமல் உட்கார்ந்தேன். திருப்பம் வந்தது. 'கை போன பக்கம்' என்று வாய்விட்டுச் சொன்னேன். குதிரை குறுக்கு வரப்பில் அழகாகத் திரும்பி, சுற்றி வந்து அவர் முன்னால் நின்றது.

மேனேஜர் என்னை இறங்கச் சொன்னார். பிறகு நான் எதிர்பார்க்காத காரியம் ஒன்றைச் செய்தார். அவரே ஏறினார். நான் பிடித்த மாதிரி ஒரு கையில் வாரைப் பிடித்து, தளர விட்டு, கையை மட்டும் அசைத்துப் பார்த்தார். குதிரை அப்படியும் இப்படியும் திரும்பிக் காட்டியது. அவர் இறங்கி, அதன் வாயோரத்தைத் தொட்டார். கடிவாளம் இழுத்து இழுத்து அங்கே தோல் காய்த்துப்போயிருந்தது. அதற்குப் பாய் தினமும் எண்ணெய் தடவுவதை நானே பார்த்திருக்கிறேன்.

"நாலு வருஷமா இதோட வாயைப் பிடிச்சு இழுத்திட்டிருந்திருக்கேன்" என்றார் மெதுவாக. எங்களிடம் சொன்னாரா, குதிரையிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய மேனேஜர் ஆனார். "அந்தப் பாத்தியை நீயே மிதிச்சுச் சமமாக்கணும். அது முடிஞ்சதும் வேலையில சேர்ந்துக்க. இனிமே கையைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு என் முன்னால நிக்காதே."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உடம்பில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. மனைவி கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, கருவாடாட்டம் வந்து நிக்கிறே?"

"வேலை கெடச்சிடுச்சு."

அவள் அந்தக் கூடையை உதறிச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் நான் அதை அவள் தலையில் தூக்கிவைக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து நாள் பாத்தி மிதித்தேன். காலெல்லாம் வெடித்துப் புண்ணானது. ஆனாலும் பாடிக்கொண்டே மிதித்தேன் என்று பாய் இன்றைக்கும் கேலி செய்கிறார்.

அந்தக் குதிரையோடு ஒன்பது வருஷம் வரப்பு சுற்றினேன். பிற்பாடு அதே உப்பளத்தில் ஆள் எடுக்கும் வேலையும் என்னிடம் வந்தது. கையைப் பைக்குள்ளோ, காலைக் கதவுக்குப் பின்னாலோ, கண்ணைத் துண்டுக்கு அடியிலோ மறைத்துக்கொண்டு யாராவது வந்து நின்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும். "மொதல்ல அத்த வெளியே காட்டு நைனா, அத்த வச்சிகினு இன்னா செய்யலாம்னு பாப்போம்" என்பேன். ஒளித்த கையோடு நான் பயந்து திரிந்த அந்தப் பதினைந்து நாளை இன்னொருவர் அனுபவிக்கவேண்டாம் என்று நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு என்னை உப்புத் தண்ணீரில் கொண்டுபோய்த் தள்ளிய குதிரைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.