படுத்தால் கடல் தெரிகிற ஜன்னல்

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால், "போவே, வேலையைப் பாரும்" என்று வாயை அடைக்கிற ஆள் நான். சேரன்மகாதேவிக்காரன், கட்டட இஞ்சினியர், கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் நம்பாதவன். கண்ணால் பார்த்ததுதான் இப்போது வினை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் காயல்பட்டினம் கடற்கரையில் ஒரு வீடு கட்டினேன். சவுதியில் இருந்த சுலைமான் காக்காவின் வீடு; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்வார்கள். உப்புக் காற்றுக்குப் பயந்து கடலை அடைத்துக் கட்டுகிறவர்கள் நடுவில் இவருக்கு நேர்மாறான ஆசை. தூண்கள் மேல் தரை, அதன் அடியில் காற்று புகுந்து ஓட வேண்டும், வெயில் உள்ளே விழாதபடி அகலமாக நீண்ட கூரை, மாடியில் கிழக்கு முழுக்க ஜன்னல். கம்பி துருப்பிடிக்கும் என்று கடல் மணலை நான் கிட்டேகூட அண்டவிடவில்லை. வீடு முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவேன் என்றிருந்தார். அந்த ஒரு சொல்லில்தான் அவர் மனைவி மரியம் ராத்தா உயிரை வைத்திருந்தார்.

ஒரு நாள், பட்டப்பகல், மாடியில் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது, கீழே முட்டுக் கம்புகளுக்கு நடுவே சுலைமான் காக்கா நிற்கிறார். நம்பினால் நம்புங்கள், லீவில் வரும்போதெல்லாம் போடுகிற அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு.

"தம்பி, மாடி ஜன்னலை இன்னும் தாழ்த்துங்க, படுத்துக்கிட்டே கடலைப் பாக்கணும். வீட்டுல போய்ச் சொல்லிருங்க, நான் வந்துட்டேன்னு."

சந்தோஷத்தில், ஜன்னலைத் தாழ்த்தச் சொல்ல ஏணியில் ஏறி ஓடினேன். கொத்தனார் அதற்குள்ளேயே ஜன்னலடிச் செங்கலைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம்தான் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் தாழ்த்தச் சொல்லிட்டுப் போறாவ அண்ணாச்சி."

மாடிக்கு இருந்தது அந்த ஒரே ஏணி, அதன் அடியில்தான் நான் நின்றிருந்தேன், யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நேரே போய் மரியம் ராத்தாவிடம் சொன்னேன். அழுதார், சிரித்தார், கறி வாங்க ஆள் விட்டார். தெருவே வாசலில் கூடிவிட்டது. பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். அப்போதுதான் சவுதியிலிருந்து போன் வந்தது. அன்று காலையிலேயே காக்கா அங்கே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கமும் அங்கேயே.

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவை இருக்க மரியம் ராத்தா மறுத்துவிட்டார். "வந்துட்டேன்னு சொல்லி அனுப்புன மனுசருக்கு எதுக்கு இத்தா?" என்று எல்லோரையும் கேட்டார். கூரை போட்டு முடிந்ததும், பூச்சுகூடப் பூசாத அந்த வீட்டில் போய்க் குடியேறிவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் கெஞ்சினார்கள். பார்த்தது பொய், கண் ஏமாற்றிவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தெளிந்துவிடுவாராம். நியாயம்தான். ராத்தாவின் தம்பியோடு போனேன்.

மாடியில், ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ராத்தா, அன்னைக்கு நான் யாரையும் பாக்கல. வெயில்ல ஏதோ பிரமை."

அவர் கோபப்படவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"பையப் பேசுங்க தம்பி. இப்பம்தான் கண்ணசந்தாக."

கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் இரண்டு தலையணை இருந்தது. ஜன்னல் பக்கத்துத் தலையணையின் நடுவில், தலை வைத்ததுபோல ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாகக் கடல் பக்கம் திரும்பியது.

அவர் தம்பி எதையும் பார்க்கவில்லை. "உரக்கச் சொல்லுங்க சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ராத்தா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.