வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி

எங்கள் அண்ணன் கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உறவினர் கேட்டார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அண்ணனே சிரிப்பார். ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

காங்கேசன்துறைக் கரையில், கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இடம்பெயர்ந்து நெல்லியடிப் பக்கம் வந்தபோது ஐயாவும் இல்லை, வள்ளமும் இல்லை. பத்தொன்பது வயதில் பிறர் வள்ளத்தில் ஏறி உழைத்து என்னைப் படிப்பித்தார். சொந்த வள்ளம் வாங்கப் பல வருடங்கள் சென்றன. முன்கோபி. ஆனால் வீட்டில் ஒருவரையும் பசியோடு படுக்க விட்டதில்லை. அண்ணி காலமான பின் அவருக்கும் மகனுக்கும் சமைத்தவள் நான்.

நாற்பத்தைந்து வயதில், இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் என்றார்கள். கிளினிக்கில் மருத்துவர் ஒரு தட்டை வரைந்து காட்டினார். பாதித் தட்டு மரக்கறி, மிச்சத்தில் மீனோ பயறோ, சோறு கொஞ்சம். நான் கௌபிப் பயறும் பயிற்றங்காயும் வாங்கிச் சமைத்தேன். அண்ணன் தட்டைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, நான் கடலாலை வெறுங்கையோடையே வந்தனான்? அயல்சனம் என்ன நினைக்கும்?"

எங்கள் ஒழுங்கையில் மத்தியானம் மீன் மணக்காவிட்டால் அந்த வீட்டுக்காரருக்கு மீன்பாடு இல்லை என்றுதான் பேசுவார்கள்.

"வெள்ளிக்கிழமை மரக்கறிதானே சாப்பிடுறன். அது காணும்" என்று முடித்துவிட்டார்.

அவருடைய கோபத்துக்குப் பயந்து நானும் ஓம் என்றேன். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு என்ன? குவித்த சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், கடைசியில் பாயசம். மீன் இல்லாத குறை தெரியக்கூடாதென்று சோற்றை இரண்டு அகப்பை கூடப் போட்டவளும் நான்தான். விரதத்தையும் வைத்தியத்தையும் ஒரே பானையில் போட்டு ஏழு வருடம் ஓட்டினோம்.

முதலில் புண் ஆறாமல் ஒரு கால்விரல் போனது. அடுத்த மாரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மகன் வள்ளத்தைப் பொறுப்பேற்றான். வீட்டோடு இருந்த அண்ணனுக்கு ஒருநாள் துணிந்து, மிளகும் சீரகமும் போட்டுக் காளான் கறி வைத்துக் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"உந்தக் கறியை முந்தியே வைச்சிருக்கலாமே, தங்கச்சி."

அந்தச் சொல் என்னை இன்னும் விடவில்லை. அதன்பின் கீரை, கௌபி, காளான் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சோறும் பாதியாகக் குறைந்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். அவற்றிலுள்ள பொட்டாசியத்தை அவருடைய உடம்பு இனித் தாங்காது என்று அதே கிளினிக்கில் கீரை, கௌபி, காளான் எல்லாவற்றையும் மறித்தார்கள். கடைசிக் கிழமை, "ஒரு கரண்டி காளான் கறி தா, பிள்ளை" என்று கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றேன். பொய் என்று அவருக்கும் தெரியும்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவர் விரும்பியவற்றைப் படைக்க உறவினர் மீனும் நண்டும் கணவாயும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு சட்டி காளான் கறி வைத்தேன். வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

அண்ணனைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பி, முகம் சுளிக்காமல் பார்த்த தாதியர், இறுதிச் சடங்கன்று கடலுக்குப் போகாமல் நின்று தோள்கொடுத்த தொழிலாளர், பந்தலிட்ட அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன கிழமை அண்ணனின் மகன் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு வந்து நின்றான். வயது இருபத்தெட்டு.

"மாமி, எனக்கும் வந்திட்டுது."

அவனுடைய தட்டில் சோற்றைப் பாதியாக அள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயிற்றங்காயைப் போட்டேன். முகத்தைத் திருப்பினான். தகப்பனின் அதே கோபம்.

அண்ணா, உங்களுக்குப் பயந்ததுபோல் இவனுக்குப் பயப்பட மாட்டேன்.