நீங்ஙணம்

வீட்டுக்காரர் மலையாளத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகிப்போன தாளில் இரண்டே வரிகள். “இரண்டு அறை வீட்டில் நாலு பேருக்கு மேல் கூடாது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்ஙணம்.” தேதி இல்லை. தேதி போடாத கடிதத்தை நான் கடிதமாகவே மதிப்பதில்லை. ஆனாலும் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்: “வந்தது திங்கள், காலை ஏழே கால், மழை.”

அப்போது மட்டாஞ்சேரி வீட்டில் நாங்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் தம்பியின் மனைவி, அவளுடைய அக்கா, அக்காவின் இரண்டு பெண் குழந்தைகள். தம்பி கப்பலில் சமையல்காரன். கூட வேலை செய்த ஒருவரின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். அவள் பிலிப்பைன்ஸ்காரி. எட்டு மாதக் கர்ப்பிணி. தம்பி கடலில் இருந்ததால் பிரசவத்துக்குத் துணையாக அக்கா, பிள்ளைகளோடு மணிலாவிலிருந்து வந்திருந்தாள். கடிதம் போகச் சொன்னது அவர்களைத்தான். அவர்கள் போய்விட்டால், வலி எடுக்கும்போது அவள் தன் மொழியில் கத்தினால் புரிந்துகொள்ள ஓர் ஆள் இருக்காது.

நெரிசலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். மனிதருக்கு மனிதர் ஒரு கை நீளமாவது இடைவெளி வேண்டும் என்று எழுதுகிறவர்கள் தனி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. முன்பு நானும் அந்தக் கட்சிதான். தம்பி மனைவி வந்த முதல் வாரம், நீளப் பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் என்னை ஒட்டித்தான் வந்து உட்காருவாள். நான் எழுந்து நாற்காலிக்குப் போய்விடுவேன். மூன்றாம் நாள், தம்பியிடம் கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில் என் மனைவியிடம் கேட்டாள்:

“குயாவுக்கு என்மேல கோபமா?”

குயா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்.

“கோபமெல்லாம் இல்லடி. அவரை ஒட்டி உக்கார அவரோட டைரிக்கு மட்டும்தான் உரிமை” என்றாள் என் மனைவி.

ஆனால் நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் நடுவே கடக்க வேண்டியிருந்தால், இதே பெண் அந்த வயிற்றோடும் முடிந்தவரை குனிந்து, ஒரு கையைக் கீழ்நோக்கி முன்னே நீட்டி, மெல்ல அனுமதி கேட்டுவிட்டுத்தான் போவாள். பக்கத்தில் உட்கார அனுமதி வேண்டாம். இருவர் பேச்சின் குறுக்கே நடக்கத்தான் அனுமதி வேண்டும். இந்தக் கணக்கு என் புத்தகங்களில் இல்லை.

அவள் கற்ற முதல் மலையாளச் சொல் எர்ணாகுளம் பஸ்ஸில் கிடைத்தது. கண்டக்டர், “நீங்ஙிக்கோ, நீங்ஙிக்கோ” என்று கத்துவார். கடிதத்தில் ‘வெளியேறு’ என்று வந்த அதே சொல், பஸ்ஸில் ‘நகர்ந்துகொள்’. “எங்க ஊர் ஜீப்னியில ‘உசோக்’ சொல்வோம் குயா. அதேதான்” என்றாள். ஜீப்னி என்பது எதிரெதிரே இரண்டு நீளப் பெஞ்சு போட்ட வண்டி. புதிதாக ஒருவர் ஏறினால் வரிசை முழுதும் கொஞ்சம் நகரும். இடம் கேட்டவரை யாரும் முறைப்பதில்லையாம்.

ஞாயிறு காலை வீட்டுக்காரர் வந்தார். குரல் கொடுக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் பேசிக்கொண்டிருந்த எனக்கும் என் மனைவிக்கும் நடுவே புகுந்து நேராக உள்ளே போனார். பெஞ்சில் அக்கா தங்கையும் குழந்தைகளும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கையை வீசினார்.

“நீங்ஙணம்! இந்நு தன்னெ நீங்ஙணம்!”

தம்பி மனைவியின் முகம் மலர்ந்தது. தெரிந்த சொல்லாயிற்றே. “உசோக்!” என்றாள். நான்கு பேரும் ஒரே அசைவில் நகர்ந்தார்கள். சின்னவள் அம்மா மடியில் ஏறிக்கொண்டாள். தம்பி மனைவி காலியான இடத்தைத் தட்டிக் காட்டி, “சேட்டா, இரிக்கு” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைத் திருத்தவில்லை. என் மனைவிதான் பின்னாலிருந்து சொன்னாள்: “இரிக்கு சேட்டா. ஸ்தலம் உண்டல்லோ. பெஞ்சில சேட்டன் அஞ்சாமத்தெ ஆளு.”

அவர் உட்காரவில்லை. “இது வீடோ சந்தையோ?” என்றார்.

“வீடுதான் சேட்டா” என்றேன் நான். “வாடகைக் கரார்ல குடும்பம்னு எழுதியிருக்கு. எத்தனை பேர்னு எழுதல.”

“கார்ப்பரேஷன் சட்டம் உண்டு. ஒரு முறியில் ரெண்டு பேர்.”

“அந்தச் சட்டத்தோட நம்பரும் தேதியும் எழுதித் தாங்க, படிக்கிறேன். அதுவரைக்கும் இவங்க பெஞ்சுலதான் நகருவாங்க, வீட்டை விட்டு இல்ல.”

திரும்பிப் போகும்போதும் எங்கள் நடுவேதான் நடந்தார்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் புதன்கிழமை, அதிகாலை நாலு ஐம்பதுக்கு, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தம்பி மனைவி பெண் குழந்தை பெற்றாள். இப்போது வீட்டில் ஏழு பேர். தம்பி வந்தால் எட்டு. எனக்கும் பெஞ்சில்தான் இடம். நாற்காலியில் துணி காய்கிறது.

நம்பரும் தேதியும் வரவில்லை. நானே நூலகத்தில் தேடினேன். தெரிந்த வக்கீல்கள் இருவரைக் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார், மற்றவர் கேள்விப்பட்டதில்லை என்றார். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று சட்டம் இருக்கிறதா? நாட்குறிப்பில் அந்த வரிக்கு எதிரே இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது: “சரிபார்க்கப்படவில்லை.”