பத்திரிகையின் நான்கு மூலைகள்

தாம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். பார்டரை மவுஸால் வரையாமல், பிரிண்டருக்குப் புரியும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவது என் வழக்கம். கொஞ்சம் திமிரும்தான். அதில் கோடு போடலாம். ஆனால் கோடு போகப்போக நிறமும் மாறுவதற்கு நேரடிக் கட்டளை கிடையாது. கோட்டைப் பொடிப்பொடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். மூலையில் திரும்பும்போது துண்டுகள் விலகிப் பல்லிளிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாடம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் முதல் பிரதியைக் குன்றத்தூர் முருகனுக்கு வைக்க வேண்டுமாம்.

“பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும் சார். நல்லாத்தானே இருக்கு, குடுத்துடுங்களேன்.”

“மூலை சரியில்லக்கா. அஞ்சே நிமிஷம்.”

அது முக்கால் மணி நேரமானது. நான்கு மூலைகளிலும் பார்டரின் மெரூன் நிறம் சுத்தமாக மஞ்சளாகக் கரைந்த பிறகே அச்சடித்துக் கொடுத்தேன்.

அவர் பையிலிருந்து குழைத்த மஞ்சள் டப்பாவை எடுத்தார். விரலில் தொட்டு, நான் பாடுபட்ட நான்கு மூலைகளின் மேலேயே தடவினார். பத்திரிகைக் கடையில் இருந்துகொண்டே நான் இந்த மஞ்சளை மறந்திருந்தேன்.

“ஏன் சார், எதனா தப்பா?”

“ஒண்ணுமில்லக்கா.”

விரல் வைத்த இடத்தில் மஞ்சள் அடர்த்தியாக இருந்தது. இழுத்த போக்கில் வெளிறி, காகிதத்தோடு கலந்து முடிந்திருந்தது. எங்கும் ஒட்டு தெரியவில்லை. அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

இப்போதெல்லாம் மூலைகளைக் காலியாக விட்டுவிடுகிறேன். அங்கே கோடு போட ஆட்கள் வருவார்கள்.