அண்ணாச்சி மாத்திரை தின்று பாஸான ரத்தம்

ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தத்தைவிட அதிகமாக எடுக்கப்படுவது கவுண்டரில் இருப்பவளின் உயிர். பிளஸ் டூவோடு போதும் என்று படிப்பை விட்டுவிட்டு, சாலைக் கடைத்தெருவில் அப்படியொரு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டர்வாசிகளே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கேட்காத சரக்கு

கம்பிக்கடை அண்ணாச்சிக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். பேனா பிடிக்க முடியாமல் கைநாட்டு வைத்தார். ரத்தத்தில் வீக்க அளவு கூடுதல் என்றால் புது ஊசி தொடங்கலாம், தாமதித்தால் விரல் கோணிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.

"அது என்ன ஊசி?" என்றார். செல்லின் மேலே ரிசெப்டர் இருக்கிறது, கிருமி வந்து அதைத் தொட்டால் செல் சில புரதங்களை வெளியே விட்டு 'வீங்கு' என்று சேதி அனுப்பும், சேதி வாங்கிய செல்லும் தன் பங்குக்கு விடும், உங்களுக்குக் கிருமியே வராமல் இது நடக்கிறது, ஊசி போட்டால் சேதி வாங்கும் ரிசெப்டர் அடைபடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"யாரும் கேக்காமலே சரக்கை எடுத்து வெளிய போடுதாக்கும்? அப்படி ஒருத்தன் என் கடையிலயும் இருக்கான் பிள்ளே. அவனுக்கும் அந்த ஊசி உண்டா?"

மெஷின்மேல் பழி

அடுத்த வாரம் வந்தவர் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டில் வீக்கமே இல்லை. இதைப் பார்த்தால் டாக்டர் ஊசி வேண்டாம் என்பார். மெஷின்தான் பழுது என்றேன். மலையாளத்து டெக்னீஷியன் ஷீபா சேச்சி இரண்டாம் முறை ஓட்டியும் அதே அளவு.

"மெஷினுக்கு ஒரு குழப்பமும் இல்ல மோளே. ஆளுக்குத்தான் என்னமோ குழப்பம். வேற மருந்து சாப்பிடறாரான்னு நீ கேட்டியா?"

தயாரிப்பு

கேட்கவில்லை. பின்னால் ஏழு பேர் நின்றார்கள், படிவத்தில் நானே 'இல்லை' என்று எழுதிவிட்டேன். இப்போது அண்ணாச்சியிடம் கேட்டேன். போன வருஷம் மூச்சிழுப்புக்குத் தந்த ஸ்டீராய்டு மாத்திரை மிச்சமிருந்ததாம். ரிப்போர்ட் நன்றாக வரட்டுமே என்று நாலு நாளாக விழுங்கியிருக்கிறார். அது செல்லுக்குள்ளே புகுந்து, அங்கிருக்கும் வேறொரு ரிசெப்டரைப் பிடித்து, 'வீங்கு' என்று சேதி அனுப்பும் அந்தப் புரதங்கள் உண்டாவதையே அமுக்கிவிடும் என்றார் சேச்சி.

"பரிசோதனைக்கு யாராவது மருந்து தின்னுட்டு வருவாங்களா?" என்று அண்ணாச்சியிடம் கத்தினேன்.

"பரீட்சைக்கு ஒண்ணும் தயார் பண்ணாமப் போனா என்னாகும்னு, உன்னைப் பாத்தாலே தெரியுதே!"

மறுபடியும்

டாக்டருக்கு போன் போட்டு அண்ணாச்சி தப்பையும் என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். மாத்திரையை நிறுத்தி, சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். அதுவரை அண்ணாச்சி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது விரல்கள் மடங்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

சாயங்காலம் ரிப்போர்ட்டை நீட்டினேன். கூடுதல், ரொம்பக் கூடுதல், ஊசி உறுதி. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நான்தான் சொன்னம்லா, என் ரத்தம் பொய் சொல்லாது!"

உண்மைதான், ரத்தம் பொய் சொல்வதில்லை. அதைக் கொண்டுவருகிறவரும், அதைப் பற்றிப் படிவம் நிரப்புகிறவளும்தான்.